ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துச் சபைகளில் பிரசங்கபீடத்தில் நிற்கும் லுத்தரன் ஐயர்மார், கத்தோலிக்கச் சாமிமார், பெந்தெகொஸ்தே பாஸ்டர்கள், மேடை போட்டால் பேச வரும் வெளியூர் ஊழியக்காரர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

லெந்து காலம் நெருங்குகிறது. கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்பார்கள். பெந்தெகொஸ்தேகாரர்கள் அதை அனுசரிப்பதில்லை, ஆனால் உபவாசக் கூட்டம் அவர்களுக்கும் உண்டு. எப்படியும் அடுத்த சில வாரங்களுக்குப் பாவம், கிருபை, இரட்சிப்பு என்ற மூன்றும் மஞ்சக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வரை ஒலிபெருக்கியில் கேட்கும். கேட்கட்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் ஊழியக்காரன் அல்ல, சபைக்குச் சந்தா கட்டி, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறவன். கேட்கிறவனுக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அப்போஸ்தலன் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்கள் உங்களுக்கு மனப்பாடம். எங்களுக்கும்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.” காலண்டரில் இருக்கிறது, வேன் கண்ணாடியில் இருக்கிறது, கன்வென்ஷன் மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் இருக்கிறது. பிரசங்கமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் அழைப்பு, கண்ணை மூடச் சொல்வது, கையைத் தூக்கச் சொல்வது.

பவுல் அங்கே முடிக்கவில்லை. அதே அதிகாரத்தில், ஐந்து வசனம் தாண்டி 14ஆம் வசனத்தில், கிறிஸ்து “பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து” யூதர், யூதரல்லாத புறஜாதியார் என்ற இருதிறத்தாரையும் ஒன்றாக்கினார் என்று எழுதுகிறார். கிருபையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் சுவரைப் பற்றிப் பேசித்தான் நிறுத்துகிறார். நம் ஊரில் அந்தச் சுவருக்குச் சாதி என்று பெயர். இந்த இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாவத்திலிருந்து வருகிறேன். கூட்டங்களில் பாவம் என்றால் ஒரு பட்டியல் வரும். குடி, சிகரெட், சினிமா, சீட்டாட்டம், இப்போது செல்போன். குடியைப் பற்றிப் பேசுவதை நான் குறை சொல்லமாட்டேன். எல்லை தாண்டினால் மலிவு விலைச் சரக்கு கிடைக்கும் ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அது எத்தனை வீட்டைக் கவிழ்த்தது என்று தெரியும். ஆனால் கிறிஸ்தவ வேதம் பாவம் என்று சொல்வது அந்தப் பட்டியலைவிட ஆழமான ஒன்று. ரோமர் நிருபத்தின் முதல் மூன்று அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்தால் தெரியும். முதலில் பவுல் சிலை வணங்குகிறவர்களைச் சாடுகிறார். யூத வாசகர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கம் திரும்பி, நீயும் சாக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். முடிவில் “எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி” என்கிறார். இன்னார் கொஞ்சம், இன்னார் அதிகம் என்ற கணக்கே அங்கே கிடையாது.

ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்தீன் இதை இன்னும் நெருக்கிப் பார்த்தார். பதினாறு வயதில் சேக்காளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசியில்லை, தன் வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. திருடுவதில் இருந்த சுகத்துக்காகவே திருடினேன் என்று பிற்பாடு எழுதினார். செயலுக்கு அடியில், தன்னை மையமாக வைத்துச் சுற்றுகிற ஒரு கோணல் மனசு இருக்கிறது, அதுதான் பாவம், அதை மனுஷன் தன் முயற்சியால் நிமிர்த்த முடியாது என்பது அவர் வாதம். முயன்றால் முடியும் என்றார் அவர் காலத்துப் போதகர் பெலாகியுஸ். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். மேற்கத்தியச் சபைகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அந்தத் தீர்ப்பின் வாரிசுகள்.

இந்தப் போதனையைக் கேட்டால் மனசு இருண்டுபோகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனுஷனைப் பற்றி இதைவிடச் சமத்துவமாக எந்தப் போதனையும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. ஜமீன்தாரும் பண்ணையாளும், பிரசங்கபீடமும் கடைசி பெஞ்சும், ஒரே பள்ளத்தில்தான் கிடக்கிறார்கள் என்கிறது அது. பள்ளத்துக்குள்ளேயே நான் ஒரு படி மேலே இருக்கிறேன் என்று ஒருவன் சொன்னால், அந்த நினைப்பே அவனுடைய வியாதியின் அறிகுறி.

சரி, கிருபைக்கு வருவோம். பக்கத்து வீட்டு இந்து நண்பர்கள் நம்மிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு: “கடைசி நிமிஷத்துல மன்னிப்பு கேட்டா எல்லாம் போயிடுமா? செஞ்சதுக்குப் பலன் வேண்டாமா?” நியாயமான கேள்விதான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு நற்செயல் செய்யக்கூட நேரம் இருக்கவில்லை, அவனுக்குத்தான் இன்றைக்கே பரதீசு என்று வாக்குக் கிடைத்தது. பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள் போல. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6இல் தானே எழுப்பி, கூடவே கூடாது என்று பதில் சொல்கிறார். கிருபை விலையில்லாமல் வருகிறது, ஆனால் வந்த இடத்தைப் பழையபடி விட்டுவைக்காது. எபேசியரிலும் 9ஆம் வசனத்தில் கிரியைகளை வெளியே அனுப்பிவிட்டு, 10ஆம் வசனத்தில் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டீர்கள் என்று அவற்றை உள்ளே அழைக்கிறார். முன்வாசலில் கூலி கேட்டு நின்றால் இடமில்லை, அவ்வளவுதான்.

இதில்தான் 1517க்குப் பிறகு ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது. தேவன் மனுஷனை நீதிமான் என்று அறிவிக்கிறார் என்றார் சீர்திருத்தத்தை ஆரம்பித்த லுத்தர். அருள் உள்ளே ஊற்றப்பட்டு மனுஷனை நீதிமானாகவே ஆக்குகிறது என்றது கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தினோ சங்கம். ஆனால் அந்தச் சங்கமும் 1547இல், நீதிமானாவதற்கு முந்தின விசுவாசமோ கிரியையோ அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்றுதான் எழுதியது. 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் இந்தப் போதனையின் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று கூட்டாகக் கையெழுத்திட்டன. பிறகு மெதடிஸ்டுகளும் சீர்திருத்தச் சபைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். கடலூரில் தலைமையகம் வைத்திருக்கும் ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தச் சம்மேளனத்தின் உறுப்பு. ஆகவே கடலூர் ஐயரும் புதுச்சேரி சாமியும் காகிதத்தில் ஒரே பக்கம்தான். இரட்சிப்பு நம் தகுதியால் அல்ல. இதில் சண்டை கிடையாது.

அப்படியானால் தகுதி என்று எதையெல்லாம் கழிக்க வேண்டும்? நோன்பு, காணிக்கை, ஜெபம் என்று மட்டும்தான் நினைக்கிறோம். பவுலின் கணக்கைப் பாருங்கள். பிலிப்பியர் 3இல் தன் தகுதிகளை வரிசையாக அடுக்குகிறார். இஸ்ரவேல் வம்சத்தான், பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன். பிறப்பு, குலம், கோத்திரம் எல்லாம் முதலில் வருகிறது, செய்த செயல்கள் அதற்குப் பிறகுதான். பிறகு அத்தனையையும் சேர்த்துக் குப்பை என்கிறார். நோன்பைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். குலத்தைப் பற்றிப் பெருமை பேசக்கூடாது என்று ஏன் அதே குரலில் சொல்லவில்லை?

இன்னும் ஒன்று. விசுவாசத்தினால் நீதிமானாகுதல் என்ற போதனையைப் பவுல் எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதினார் என்று கலாத்தியர் 2இல் பாருங்கள். அந்தியோகியாவில் ஒரு பந்திப் பிரச்சினை. யூதரான பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து அங்கத்துச் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்துவிட்டார். பர்னபாவும் கூடவே எழுந்துவிட்டார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவை முகத்துக்கு முகம் கண்டித்தார். அவர்கள் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதை ஒட்டித்தான், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் அல்ல, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்ற 16ஆம் வசனம் வருகிறது. உங்கள் மேடைகளின் தலையாய உபதேசம், யார் யாரோடு சாப்பிடுவது என்ற தகராறில் உச்சரிக்கப்பட்டது. நம் நாட்டில் பந்தி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

நடுச்சுவரும் பவுலின் கற்பனையில் எழும்பிய சுவர் அல்ல என்றே பல வேத அறிஞர்கள் நினைக்கிறார்கள். எருசலேம் தேவாலயப் பிராகாரத்தில் புறஜாதியார் எதுவரை வரலாம் என்று காட்டும் ஒரு தடுப்பு இருந்தது. தாண்டினால் சாவுக்கு நீயே பொறுப்பு என்று கிரேக்கத்தில் பொறித்த கல் 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஊர்ச் சுவரைப் பார்க்க இஸ்தான்புல் போகவேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். புதுச்சேரியின் கத்தோலிக்க ஆலயமான சம்பா கோயிலுக்குள் அப்போது ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். ஒடுக்கப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, ஆண்டவர் வித்தியாசம் பார்ப்பதில்லையே, நீங்கள் எப்படி இதற்குச் சம்மதித்தீர்கள் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் சாமியார்மேல் சண்டைக்குப் போனார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கடற்கரையில் எபேசியர் 2க்குச் செய்யப்பட்ட மிகச் சிறந்த பிரசங்கம் அந்த முறையீடுதான். அதைச் செய்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்தக் கோயிலே 1761இல் ஆங்கிலேயர் கையில் அழிந்தது. இன்று மிஷன் வீதியில் நிற்பது பிறகு கட்டியது.

அந்த முறையீட்டுக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே, போப்பரசரின் தூதராகப் புதுச்சேரியில் வந்து தங்கிய தூர்னோன் 1704 ஜூனில் ஓர் ஆணை போட்டார். அந்த ஆணையில் பல விஷயங்கள் ஐரோப்பியக் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தவை, எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு பிரிவு என் மனசை விட்டுப் போகவில்லை. வியாதிப்பட்டுக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் போய்க் கடைசித் திருவருட்சாதனங்களைக் கொடுக்கக் குருக்கள் மறுக்கக்கூடாது என்கிறது. அப்படி ஒரு சட்டம் எழுத வேண்டி வந்தது என்றால், அதற்கு முன்னால் மரண நேரத்தில்கூட வாசற்படி தாண்டாத குருக்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். அருள் இலவசம், ஆனால் அதைக் கொண்டுவருகிறவர் வீட்டுக்குள் வரமாட்டார்!

லுத்தரன்கள் சிரிக்க வேண்டாம். லுத்தரன் மிஷன் முதலில் வந்திறங்கிய தரங்கம்பாடி மரபிலும் சாதிப்படி தனித்தனி இருக்கை இருந்தது, திருவிருந்தில் யார் முதலில் பருகுவது என்ற வரிசையும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் இதில் விட்டுக்கொடுத்துப் போனது. அதை ஏற்காமல் விலகி வந்த மிஷனரி கார்ல் ஓக்ஸ், நெல்லிக்குப்பம் பக்கத்துப் பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை ஆரம்பித்தார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. சாதியோடு சமரசம் வேண்டாம் என்ற பிடிவாதத்தில் முளைத்த சபை அது. கடலூர் – பண்ருட்டிச் சாலையில் போகிறவர்கள் பட்டாம்பாக்கத்தில் ஐந்து நிமிஷம் இறங்கி நிற்கலாம். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

“அதெல்லாம் அந்தக் காலம், இப்போ யார் பார்க்கிறாங்க?” என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமக்கள் தேவைப் பகுதியைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெப ஜீவியமுள்ள மணமகள் தேவை என்று எழுதி, அதே வரியில் இன்ன சாதி என்றும் எழுதியிருப்பார்கள். எங்களிடம் சாதியே இல்லை என்று அடித்துச் சொல்லும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் கல்யாணப் பேச்சு வந்ததும் குரல் தாழ்கிறது. மறுபடியும் பிறந்தவர் எதற்கு முதல் பிறப்பைப் பற்றி விசாரிக்கிறார் என்று எந்தப் பாஸ்டரும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்லறைகளைப் பாருங்கள், சில பங்குகளில் சாதிக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள், சுட்டுக்கொல்லப்படும் அளவுக்குப் போன அந்தச் சண்டை ஒரே ஆலயத்து மக்களுக்குள் நடந்தது.

வருஷாவருஷம் ஆகஸ்ட் 10இல் சபைகள் கருப்பு தினம் அனுசரிக்கின்றன. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காததற்கு எதிர்ப்பு. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், நம் ஆட்கள் இன்னும் வெளியே. அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம், நானும் கருப்பு பேட்ஜ் குத்திக்கொள்கிறேன். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், மதம் மாறியும் எங்களைச் சாதி விடவில்லை ஐயா என்று வாதாடுகிறோம். பிரசங்கபீடத்தில் ஏறினால், கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று முடித்துக்கொள்கிறோம். நீதிபதியிடம் அறிக்கையிட்ட பாவத்தை ஆண்டவரிடம் எப்போது அறிக்கையிடப்போகிறோம்?

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். “சாதியை விட்டால்தான் இரட்சிப்பு என்று சொன்னால், அதுவும் ஒரு கிரியை ஆகிவிடாதா? கிருபைக்கு நீங்களே விலை வைக்கிறீர்களே?” என்று ஒரு நல்ல வேதபாடக்காரர் கேட்பார். இல்லை. சாதியை விடுவது கிருபைக்குக் கொடுக்கும் விலை அல்ல. விட்டவன் அதைக் காட்டி இரட்சிப்பைக் கேட்டால் அவனும் பரிசேயன்தான். நான் சொல்வது வேறு. தகுதியில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டேன் என்று ஒருவன் உண்மையிலேயே நம்பினால், அடுத்தவனிடம் பிறப்புத் தகுதி கேட்க அவனுக்கு வாய் வராது. வாய் வருகிறது என்றால் அவன் முதலாவதை நம்பவில்லை. சமூக விஷயம் வேறு, ஆத்தும விஷயம் வேறு என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பட்சபாதம் செய்தால் பாவம் செய்கிறீர்கள் என்று யாக்கோபு 2:9 சொல்கிறது. அதுவும் ஆலயத்துக்குள் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதைப் பற்றி.

என் வேண்டுகோள் பெரிதில்லை. எபேசியர் 2ஐ 1ஆம் வசனத்திலிருந்து 22 வரை ஒரே ஆராதனையில் வாசித்து, ஒரே பிரசங்கமாகச் செய்யுங்கள். பாவப் பட்டியல் சொல்லியே ஆகவேண்டும் என்றால் குடிக்கும் சினிமாவுக்கும் நடுவில் இதையும் பெயர் சொல்லிச் சேருங்கள். கல்யாண ஓலை வாசிக்கும் முன்னால் பெற்றோரோடு பேச உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது, வரதட்சணையைப் பற்றிக் கேட்கிறீர்களோ இல்லையோ, சாதி பார்த்துத்தான் முடித்தீர்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சபைத் தேர்தலில் எந்தத் தெருவுக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுக்காதீர்கள். தனித்தனிக் கல்லறை இருக்கிற பங்குகளில், அடுத்து சாகிற சாமியோ ஐயரோ தன்னை எந்தப் பக்கம் அடக்கம் செய்யவேண்டும் என்று இப்போதே எழுதிவைக்கட்டும்.

நேரமில்லை என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் முழுசாக மூன்று மணி நேரம் உங்களிடம் இருக்கிறது. அந்த இருபத்திரண்டு வசனத்தைச் சத்தமாக வாசிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சபை அங்கத்தினர்